உள்ளக வடிவமைப்பாளர் ஆவதற்கு எந்தக் கல்லூரிப் படிப்பு? தேர்வு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

உள்ளக வடிவமைப்பைக் கற்பிக்கும் படிப்புகள் ஆறு மாதச் சான்றிதழில் தொடங்கி ஐந்தாண்டுப் பட்டம் வரை நீள்கின்றன. விளம்பரங்களில் எல்லாப் படிப்புகளும் அழகான அறைகளின் படங்களையே காட்டுவதால், அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. படிப்பை முடித்து, முதல் அலுவலகத்தில் சேர்ந்து, ஒரு சுவரை இடிக்கலாமா கூடாதா என்ற கேள்வி தம் மேசைக்கு வரும்போதுதான் பலருக்கும் அது புரிகிறது. விண்ணப்பிப்பதற்கு முன்பே அதைக் கண்டறிவதற்கான படிகளை இந்த வழிகாட்டி வரிசையாகச் சொல்கிறது. இந்தப் படிகளில் பாடத்திட்டத்தை வரிவரியாகப் படிப்பதும், இறுதியாண்டு மாணவர்களின் வரைபடங்களை நேரில் பார்ப்பதும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானவை என்பது என் உறுதியான கருத்து. நேரம் குறைவாக உள்ளவர்கள் அந்த இரண்டையாவது முழுமையாகச் செய்ய வேண்டும்.

முதல் படி: எந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஓர் அறையின் நிறங்கள், திரைச்சீலைகள், மரச்சாமான்கள், விளக்குகள் ஆகியவற்றைத் தேர்ந்து பொருத்துவது ஒரு வகை வேலை. அதற்குக் கூர்ந்த கண்ணும், பொருட்களைப் பற்றிய அறிவும், வாடிக்கையாளரோடு பொறுமையாகப் பேசும் திறனும் வேண்டும். நீண்ட பட்டப்படிப்பு இல்லாமலும் அதில் சிறந்து விளங்க முடியும். ஒரு கட்டடத்தின் உட்பகுதியை மாற்றியமைப்பது வேறு வகை வேலை. எந்தச் சுவர் எடையைத் தாங்குகிறது, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குளிரூட்டிக் குழாய்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும், தீப்பிடித்தால் மக்கள் எந்த வழியாக வெளியேறுவார்கள் என்பவற்றுக்கெல்லாம் வடிவமைப்பாளரே பதில் சொல்ல வேண்டும், அல்லது பொறியாளரிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தொழிலின் வரலாற்றிலேயே இரண்டு போக்குகளையும் பார்க்கலாம். அமெரிக்காவில் டோரதி டிரேப்பர் 1920களில் தம் நிறுவனத்தைத் தொடங்கி, துணிச்சலான நிறங்களாலும் வடிவங்களாலும் விடுதிகளின் தோற்றத்தை மாற்றிப் புகழ்பெற்றார். கட்டடக்கலை பயின்ற ஃபுளோரன்ஸ் நால் 1940களில் தம் நிறுவனத்தில் ஒரு திட்டமிடல் பிரிவை உருவாக்கினார். ஓர் அலுவலகத்தில் யார் யாருடன் பேசுகிறார்கள், எந்தக் கோப்பு எங்கே போகிறது என்பவற்றை விசாரித்தறிந்த பிறகே அந்தப் பிரிவு வரையத் தொடங்கியது. இரண்டுமே மதிப்புக்குரிய பாதைகள். எனினும் இரண்டுக்கும் ஒரே படிப்பு பொருந்தாது.

எந்த வகைக் கட்டடங்களில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்பதையும் இப்போதே யோசிப்பது நல்லது. வீடுகள், அலுவலகங்கள், கடைகள், விடுதிகள், மருத்துவமனைகள், கண்காட்சி அரங்குகள், திரைப்பட அரங்க அமைப்பு, அறைகலன் வடிவமைப்பு என்று துறை பரந்து கிடக்கிறது. மருத்துவமனையில் ஒரு சுவரின் மேற்பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது அது கிருமிநாசினியால் நாள்தோறும் துடைக்கப்படுவதைத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி; கடையில் அதே இடத்தில் எழும் முதல் கேள்வி, வாடிக்கையாளரின் கண் எங்கே போய் நிற்கும் என்பது. பதினேழு வயதில் இதில் இறுதி முடிவு எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் வீடுகளை மட்டுமே கற்பிக்கும் படிப்பு பின்னாளில் மற்ற கதவுகளை மூடிவிடக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: பணிபுரிய விரும்பும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள்

உள்ளக வடிவமைப்புத் தொழிலை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர்கள் சட்டம் கட்டடக் கலைஞர் என்ற பட்டப்பெயரைப் பாதுகாக்கிறது. உள்ளக வடிவமைப்பாளர்களுக்கு அதுபோன்ற கட்டாயப் பதிவு இல்லை. பிரிட்டனிலும் ஏறத்தாழ இதே நிலைதான். மலேசியாவில் கட்டடக் கலைஞர்களைப் பதிவு செய்யும் வாரியமே உள்ளக வடிவமைப்பாளர்களையும் பதிவு செய்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. லூசியானா, நெவாடா ஆகிய மாநிலங்கள் இந்தத் தொழிலை மற்ற மாநிலங்களைவிடக் கடுமையாக முறைப்படுத்தியிருக்கின்றன.

வட அமெரிக்காவில் தகுதியின் அளவுகோலாக விளங்குவது, உள்ளக வடிவமைப்பாளர்களுக்கான என்.சி.ஐ.டி.கியூ. தேர்வு. அது மூன்று பகுதிகள் கொண்டது. முதல் பகுதியைப் படிப்பின் அடிப்படையிலேயே எழுதலாம்; மற்ற இரண்டையும் எழுதப் படிப்போடு பணி அனுபவமும் வேண்டும். உரிய இளங்கலைப் பட்டம் பெற்றவருக்கு 3,520 மணி நேர அனுபவம் கேட்கப்படுகிறது, அதாவது முழுநேர வேலையாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். குறைவான பாடங்களோடு குறுகிய படிப்பை முடித்தவர்கள் அதைவிடக் கூடுதலான மணி நேரம் உழைத்த பின்பே அந்த இரண்டு பகுதிகளையும் எழுத முடியும். ஓர் ஆண்டைச் சேமிப்பதாக நினைத்துக் குறுகிய படிப்பில் சேர்பவர், அந்தச் சேமிப்பை இங்கே திருப்பிக் கொடுக்க நேரலாம்.

அங்கீகாரத்தைப் பற்றி விசாரிக்கும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டிருப்பது வேறு, குறிப்பிட்ட அந்தப் படிப்பு அங்கீகரிக்கப்பட்டிருப்பது வேறு. வட அமெரிக்காவில் சி.ஐ.டி.ஏ. என்ற அமைப்பு உள்ளக வடிவமைப்புப் படிப்புகளை மட்டுமே தனித்தனியாக மதிப்பிடுகிறது. 1970இல் வேறு பெயரில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, இளங்கலைக்குக் குறையாத படிப்புகளையே எடுத்துக்கொள்கிறது. புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் உள்ளக வடிவமைப்புப் படிப்பு அந்தப் பட்டியலில் இல்லாமலிருக்கலாம், பெயர் கேள்விப்படாத சிறிய கல்லூரியின் படிப்பு இருக்கலாம். அங்கீகாரம் நிரந்தரமானதும் அல்ல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வுக்கு உட்பட்டது. எனவே கல்லூரியின் விளம்பரத்தை நம்பாமல், அங்கீகரிக்கும் அமைப்பு வெளியிடும் நடப்புப் பட்டியலிலேயே பெயரைத் தேட வேண்டும்.

மூன்றாம் படி: படிப்பின் வகையைத் தேர்ந்தெடுங்கள்

சான்றிதழ்ப் படிப்புகள் வேறொரு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கும், இந்தத் துறை தமக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கும் பயன்படும். அவற்றை முதல் தகுதியாக நம்பித் தொழிலுக்குள் நுழைவது கடினம். ஓரிரு ஆண்டு டிப்ளமோக்கள் வரைதிறனையும் மென்பொருள் திறனையும் தரும். அலங்கார வேலைக்கும் வரைவாளர் பணிக்கும் அவை போதுமானவை. டிப்ளமோவில் சேர நினைப்பவர், பின்னர் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர அந்தப் படிப்பு இடம் தருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும்.

இளங்கலைப் பட்டம் பல நாடுகளில் நான்கு ஆண்டுகள் கொண்டது. ஐரோப்பாவில் 180 கிரெடிட்டுகள் (பாடத்தின் பளுவைக் குறிக்கும் அலகுகள்) கொண்ட மூன்றாண்டுப் பட்டமும், அதைத் தொடர்ந்த முதுகலையும் பரவலாக உள்ளன. கட்டடத்தின் உட்பகுதியை முழுமையாக வடிவமைக்கும் பொறுப்பை விரும்புபவருக்கு இளங்கலையே அடிப்படை. இன்னொரு வழி, ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டத்தை முடித்துவிட்டு உள்ளக வடிவமைப்புக்குத் திரும்புவது. அதில் கட்டுமான அறிவு மிக ஆழமாகக் கிடைக்கும், சட்டப்படியான பட்டப்பெயரும் கிடைக்கும். எனினும் அறைகலன், துணி, ஒளி, மேற்பரப்பு ஆகிய நுண்ணிய அளவிலான விஷயங்களுக்கு அங்கே குறைந்த இடமே கிடைக்கும், அவற்றைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கும்.

முதுகலைப் படிப்புகளில் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாமல் போகிறது. ஒன்று, வேறு துறையிலிருந்து வருபவர்களுக்காக அடிப்படையிலிருந்து தொடங்கி மூன்று ஆண்டுகள் வரை நீள்வது. மற்றொன்று, ஏற்கெனவே வடிவமைப்புப் பட்டம் உள்ளவர்களுக்கான ஓரிரு ஆண்டு ஆய்வுப் படிப்பு. முன்னதற்குரியவர் பின்னதில் சேர்ந்துவிட்டால், வரையவே கற்காமல் கட்டுரைகளை மட்டும் எழுதிக்கொண்டிருக்க நேரும்.

இணையவழிப் படிப்புகளைப் பொறுத்தவரை, வரலாறு, பொருளறிவு, மென்பொருள் போன்ற பாடங்களைத் தொலைவிலிருந்தும் நன்றாகக் கற்க முடியும். ஸ்டூடியோ எனப்படும் வடிவமைப்புச் செய்முறைப் பாடத்தை அப்படிக் கற்பது மிகக் கடினம். ஒரு மரப்பலகையைத் தொட்டுப் பார்ப்பதும், பக்கத்து மேசைக்காரரின் தவறிலிருந்து கற்பதும் திரை வழியாக நடப்பதில்லை. தவிர்க்க முடியாத காரணங்களால் இணையவழியையே தேர்ந்தெடுப்பவர்கள், ஆண்டுக்குச் சில வாரங்களாவது நேரடி ஸ்டூடியோவும் பட்டறையும் உள்ள படிப்பைத் தேட வேண்டும்.

நான்காம் படி: பாடத்திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள்

ஒவ்வொரு செமஸ்டரிலும் உள்ள பாடங்கள், கிரெடிட்டுகள், வாராந்தர மணி நேரம் ஆகியவை அடங்கிய முழுப் பாடத்திட்டத்தைக் கல்லூரியிடம் கேட்டுப் பெறுங்கள். விளம்பரச் சிற்றேட்டில் உள்ள பாடப்பெயர்ப் பட்டியல் போதாது. முழுப் பாடத்திட்டத்தைத் தரத் தயங்கும் கல்லூரியைப் பற்றி அந்தத் தயக்கமே ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்டூடியோ. ஒரு வடிவமைப்புச் சிக்கலை எடுத்து, பல வாரங்கள் வரைந்து, மாடல் செய்து, ஆசிரியரிடம் காட்டி, திருத்தி, இறுதியில் ஜூரி எனப்படும் மதிப்பீட்டுக் குழுவின் முன் விளக்கும் பாடம் அது. இந்தக் கல்வியின் முதுகெலும்பு அதுதான். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு ஸ்டூடியோ இருக்க வேண்டும், அதுவே அந்தச் செமஸ்டரின் மிக அதிகக் கிரெடிட்டுகள் கொண்ட பாடமாகவும் இருக்க வேண்டும். ஸ்டூடியோக்கள் படிப்படியாகச் சிக்கலாகின்றனவா என்றும் பாருங்கள்: ஒரே அறை, பிறகு சிறிய வீடு, பிறகு கடை அல்லது அலுவலகம், பிறகு பலர் கூடும் பொது இடம், இறுதியில் மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் தீசிஸ் என்ற இறுதித் திட்டம். நான்கு ஆண்டுகளும் படுக்கையறைகளையும் வரவேற்பறைகளையும் மட்டுமே வரைய வைக்கும் படிப்பு அலங்காரப் படிப்பாகவே நின்றுவிடும், அதன் பெயர் என்னவாக இருந்தாலும்.

முதலாண்டு அடிப்படைப் பயிற்சியைப் பல மாணவர்கள் வீணான காலமாகக் கருதுகிறார்கள். நிறம், வடிவம், அமைப்பு, பொருட்களின் தன்மை ஆகியவற்றைக் கையால் செய்து பார்த்துக் கற்கும் இந்த முறை, 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கப்பட்ட பௌஹவுஸ் பள்ளியின் தொடக்கநிலைப் பயிற்சியிலிருந்து உலகெங்கும் பரவியது. ஜொகானஸ் இட்டன் அங்கே அதை வகுத்தார். மென்பொருளில் வேகமாக வரையத் தெரிந்த ஒருவர் எதை வரைவது என்று தெரியாமல் தடுமாறும்போது இந்த ஆண்டின் மதிப்பு விளங்கும். எனவே அடிப்படை ஆண்டை நீக்கி, நேரே மென்பொருளில் தொடங்கும் படிப்புகளைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

அடுத்து, கட்டுமானமும் கட்டடச் சேவைகளும். மின்சாரம், நீர், கழிவுநீர், குளிரூட்டல், தீயணைப்பு ஆகியவற்றுக்குக் குறைந்தது இரண்டு செமஸ்டர்களாவது ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒளியமைப்புக்குத் தனிப்பாடம் வேண்டும். மஞ்சள் சாயல் கொண்ட 2,700 கெல்வின் ஒளிக்கும் வெண்மையான 4,000 கெல்வின் ஒளிக்கும் ஓர் அறை எப்படி மாறுகிறது, ஒரே துணி நிறங்காட்டும் திறன் குறைந்த விளக்கின் கீழ் ஏன் மங்கிப்போகிறது, எழுதும் மேசைக்கு ஐரோப்பியத் தரநிலை ஏன் 500 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறது என்பவற்றைக் கணக்கிட்டும் அளந்தும் கற்க வேண்டும். ஒலியியல் பெரும்பாலான பாடத்திட்டங்களில் ஒரு வாரத்தோடு முடிந்துவிடுகிறது, இது வருந்தத்தக்கது. 1895இல் ஹார்வர்டில் சொற்பொழிவு புரியாத அளவுக்கு எதிரொலித்த ஒரு புதிய அரங்கைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்ற வாலஸ் சபைன், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி அடுக்கி அளந்தே இந்த அறிவியலுக்கு அடித்தளமிட்டார். அதாவது அறையின் ஒலி என்பது உள்ளே வைக்கப்படும் பொருட்களைப் பொறுத்தது, ஆகவே அது உள்ளக வடிவமைப்பாளரின் பொறுப்பு.

பொருளறிவுப் பாடத்தில் பிளைவுட், எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை), கல், கண்ணாடி, உலோகம், துணி, பூச்சு ஆகியவற்றின் பெயர்களோடு நிற்காமல், அவை எப்படித் தயாராகின்றன, எப்படிப் பழுதாகின்றன, காற்றில் எதை வெளிவிடுகின்றன என்பதும் இருக்க வேண்டும். பலகைகளை ஒட்டப் பயன்படும் சில பிசின்களிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியேறுவது இதற்கு ஓர் உதாரணம். ஒரு குழந்தையின் அறைக்குப் பலகை தேர்ந்தெடுப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு விதிகளுக்கும், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய அணுகல்தன்மைக்கும் பாடத்திட்டத்தில் உள்ள இடம்தான் ஒரு படிப்பின் நேர்மையை எனக்குக் காட்டும் பகுதி. 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரின் கோகோநட் குரோவ் இரவு விடுதியில் பரவிய தீயில் 492 பேர் இறந்தனர். எளிதில் எரியும் துணிகளும் செயற்கை மரங்களும் அலங்காரமாக நிறைந்திருந்தன. முதன்மை வாயிலில் இருந்த சுழற்கதவு நெரிசலில் சிக்கி நின்றது, மற்ற சில வழிகள் பூட்டப்பட்டிருந்தன. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில் ஒலித்தடுப்புக்காகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த பாலியூரித்தேன் நுரை தீப்பிடித்து 100 பேர் உயிரிழந்தனர். துணி, நுரை, கதவு, வெளியேறும் வழி ஆகிய நான்கும் உள்ளக வடிவமைப்பாளரின் கையில் இருப்பவை. ஆகவே தீப்பாதுகாப்பு ஒரு தனிப்பாடமாகவோ, ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் மதிப்பெண் பெறும் பகுதியாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். அணுகல்தன்மைக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1,525 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடமும், கதவில் 815 மில்லிமீட்டர் தடையற்ற அகலமும் வேண்டும் என்பது அமெரிக்கத் தரநிலை. நாட்டுக்கு நாடு எண் சற்று மாறலாம், எந்த நாட்டு மாணவரும் தம் முதல் கழிப்பறையை வரையும்போதே இத்தகைய எண்களோடு பழகியிருக்க வேண்டும்.

இறுதியாக, தொழில்முறைப் பயிற்சி: ஒப்பந்தம், கட்டணம் நிர்ணயித்தல், பொருள் விவரக்குறிப்பு, பி.ஓ.கியூ. எனப்படும் அளவுப் பட்டியல், சைட் மேற்பார்வை. மென்பொருள் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட் போன்றவை பெரும்பாலும் எல்லா இடத்திலும் கற்பிக்கப்படுகின்றன. அவை மாறிக்கொண்டும் இருக்கின்றன.

ஐந்தாம் படி: இறுதியாண்டு மாணவர்களின் வரைபடங்களைப் பாருங்கள்

பாடத்திட்டம் கல்லூரியின் எண்ணத்தைக் காட்டும், மாணவரின் தாள்களே அங்கு உண்மையில் நடப்பதைக் காட்டும். பெரும்பாலான வடிவமைப்புக் கல்லூரிகள் ஆண்டிறுதியில் கண்காட்சி நடத்துகின்றன. அந்த நாளில் செல்வது மிகச் சிறந்தது. முடியாவிட்டால், இறுதியாண்டு மாணவர் ஓரிருவரின் போர்ட்ஃபோலியோ எனப்படும் வேலைத் தொகுப்பை முழுதாகப் பார்க்க அனுமதி கேளுங்கள். கல்லூரி தேர்ந்தெடுத்துக் காட்டும் முதல் மாணவருடையதோடு நில்லாமல், சராசரி மாணவர் ஒருவருடையதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மிகத் திறமையானவர் எந்தக் கல்லூரியிலும் தாமாகவே வளர்ந்துவிடுவார். சராசரி மாணவரை எவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்பதில்தான் கல்லூரியின் உழைப்பு தெரியும்.

கணினியில் உருவாக்கிய பளபளப்பான ரெண்டர் படங்களை முதலில் ஒதுக்கி வையுங்கள். அவை கண்ணைக் கவர்பவை, ஆனால் அவற்றை வைத்து ஒரு தச்சரால் எதையும் செய்ய முடியாது. மேலிருந்து பார்க்கும் பிளானையும், கட்டடத்தை நெடுக்காக வெட்டிக் காட்டும் செக்ஷனையும் தேடுங்கள். செக்ஷனில் தரைக்கும் கூரைக்கும் இடையே உள்ள ஒவ்வொரு அடுக்கும் வரையப்பட்டிருக்கிறதா? சீலிங் பிளானில் விளக்குகள், காற்று வெளியேறும் வாய்கள், நீர்த்தெளிப்பான்கள் ஆகியவை ஒன்றோடொன்று மோதாமல் இடம் பெற்றிருக்கின்றனவா? ஒரு அலமாரியின் மூலை 1:5 அல்லது 1:2 அளவில் வரையப்பட்டு, இரண்டு பலகைகள் எப்படிச் சேர்கின்றன என்று காட்டப்பட்டிருக்கிறதா? இவை இருந்தால், அந்த மாணவரை ஒரு அலுவலகம் முதல் மாதத்திலேயே ஒர்க்கிங் டிராயிங் எனப்படும் கட்டுமான வரைபட வேலையில் அமர்த்தலாம். இவை எதுவும் இல்லாமல் பத்து ரெண்டர்கள் மட்டும் இருந்தால், நான்கு ஆண்டுகளில் அங்கே எது கற்பிக்கப்பட்டது என்பது தெளிவாகிவிடும்.

பிறகு போர்ட்ஃபோலியோக்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எல்லா மாணவர்களின் வேலையும் ஒரே ஆசிரியரின் ரசனையில் ஒரே அச்சாக இருந்தால், அங்கே சிந்திக்கக் கற்பிக்கப்படவில்லை. தாள்களின் ஓரங்களில் தோற்றுப்போன முயற்சிகளும் கைவரைவுகளும் இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். முடிவை மட்டும் காட்டாமல் அந்த முடிவுக்கு வந்த வழியையும் காட்டச் சொல்லும் கல்லூரியே நல்ல கல்லூரி.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு ஜூரியில் பார்வையாளராக அமருங்கள். ஆசிரியர்கள் மாணவரின் முடிவுக்குக் காரணம் கேட்கிறார்களா, அல்லது பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறார்களா என்பதைக் கேளுங்கள். மாணவரை அவமதித்து அழவைப்பதைக் கண்டிப்பு என்று எண்ணும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. அதனால் வேலையின் தரம் உயர்வதில்லை. துணிந்து முயலும் மனம்தான் ஒடுங்கிப்போகிறது.

ஆறாம் படி: ஆசிரியர்களையும் இடத்தையும் விசாரியுங்கள்

ஸ்டூடியோவில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் என்றால் ஒவ்வொருவரின் மேசைக்கும் வாரம் இருமுறை வந்து பேச முடியும். நாற்பது பேர் என்றால் அது வெறும் வகுப்பாகிவிடும். ஆசிரியர்களில் சிலராவது தொழிலில் இயங்கிக்கொண்டிருப்பவர்களாக இருப்பது நல்லது, எல்லோருமே அப்படி இருந்தால் தொழில் நெருக்கடி வரும்போது வகுப்பு பாதிக்கப்படும்.

மரவேலைப் பட்டறை, பொருள் நூலகம், ஒளி ஆய்வகம் ஆகியவை உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், பூட்டுத் திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். இயந்திரங்களின் மீது மரத்தூள் படிந்திருந்தால் அவை பயன்படுகின்றன என்று பொருள். ஸ்டூடியோ மாலையிலும் விடுமுறை நாட்களிலும் திறந்திருக்குமா என்பதும் முக்கியம்.

இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியா, எத்தனை வாரங்கள், இடத்தைக் கல்லூரி ஏற்பாடு செய்கிறதா, மாணவருக்கு ஊதியம் உண்டா என்பவற்றைக் கேளுங்கள். வேலைவாய்ப்பைப் பற்றிக் கல்லூரி சொல்லும் சதவீதத்தைவிட, கடந்த ஆண்டு முடித்தவர்கள் இப்போது எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கான பதில் பயனுள்ளது. பொருட்கள் விற்கும் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தவரும் அந்தச் சதவீதத்தில் அடங்கியிருக்கலாம்.

ஏழாம் படி: முழுச் செலவைக் கணக்கிடுங்கள்

கல்விக் கட்டணம் செலவின் ஒரு பகுதிதான். மாடல் செய்யும் பொருட்கள், பெரிய தாள்களில் அச்சிடுதல், திறன்மிக்க கணினி, ஆய்வுப் பயணங்கள் ஆகியவை ஒவ்வொரு செமஸ்டரும் சேரும். மூத்த மாணவர் ஒருவரிடம் கடந்த செமஸ்டரில் இவற்றுக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் உண்மையான தொகை கிடைக்கும். மாணவர்களுக்குப் பல மென்பொருள்கள் இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைப்பதால் அதற்கெனக் கல்லூரி தனிக்கட்டணம் வாங்கினால் காரணம் கேளுங்கள்.

எட்டாம் படி: போர்ட்ஃபோலியோவையும் விண்ணப்பத்தையும் தயார் செய்யுங்கள்

நுழைவுத் தேர்வு வைக்கும் கல்லூரிகள் பொதுவாகக் கூர்நோக்கையும், முப்பரிமாணத்தை மனத்தில் சுழற்றிப் பார்க்கும் திறனையும், வரைந்து விளக்கும் திறனையும் சோதிக்கின்றன. போர்ட்ஃபோலியோ கேட்பவை முழுமையான ஓவியத் தேர்ச்சியை எதிர்பார்ப்பதில்லை. உற்றுப் பார்க்கும் பழக்கத்தையே தேடுகின்றன. இதற்கு மிகச் சிறந்த பயிற்சி, நீங்கள் நன்கு அறிந்த ஓர் அறையை அளவுநாடாவால் அளந்து, 1:50 அளவில் பிளானாகவும் நான்கு சுவர்களின் எலிவேஷனாகவும் (நேர்முகத் தோற்றமாகவும்) வரைவது. பிறகு அந்த அறையில் காலை, நண்பகல், மாலை என்று வெளிச்சம் எங்கே விழுகிறது, மக்கள் எங்கே நடக்கிறார்கள், எந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, ஏன் என்று குறித்து, அதன் அடிப்படையில் ஒரே ஒரு மாற்றத்தை முன்மொழியுங்கள். இணையத்திலிருந்து திரட்டிய அழகிய படங்களின் தொகுப்பைவிட இந்த ஒரு வேலை தேர்வாளருக்கு உங்களைப் பற்றி மிகுதியாகச் சொல்லும்.

பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பக்கங்கள் போதும். களிமண், மரம், துணி, ஒளிப்படம் என்று கையால் செய்த எதுவும் சேரலாம், முடிவோடு செய்முறையும் இருக்க வேண்டும். நோக்க உரையில் சிறுவயதிலிருந்தே வடிவமைப்பு பிடிக்கும் என்று எழுதுவதைத் தவிர்த்து, உங்களைத் தொந்தரவு செய்த ஓர் இடத்தைப் பற்றி எழுதுங்கள். கூட்டம் நெரியும் ஒரு காத்திருப்பு அறையோ, வழி தெரியாமல் திணற வைத்த ஒரு மருத்துவமனைத் தாழ்வாரமோ அதற்குப் போதும்.

ஒன்பதாம் படி: முடிவெடுத்துச் சேருங்கள்

இரண்டு மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்தால், எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பதைவிட, விலக்கும் காரணங்களை முதலில் பாருங்கள். நீங்கள் பணிபுரிய விரும்பும் இடத்தில் அந்தப் பட்டம் ஏற்கப்படாது என்றால், ஸ்டூடியோ எல்லாச் செமஸ்டர்களிலும் இல்லை என்றால், கட்டணம் உங்கள் குடும்பத்தைத் திரும்ப முடியாத கடனில் தள்ளும் என்றால், மற்ற எந்தச் சிறப்பும் அதை ஈடுசெய்யாது. இவற்றைத் தாண்டிய கல்லூரிகளுக்கிடையே, சராசரி மாணவரின் தாள்கள் எங்கே சிறப்பாக இருந்தனவோ அங்கே சேருங்கள், அதன் பெயர் குறைவாக அறியப்பட்டிருந்தாலும்கூட.

பணம் கட்டுவதற்கு முன் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதிக்குள் என்பதை எழுத்தில் பெறுங்கள். சேர்ந்த பிறகு முதலாண்டின் இறுதியில் ஒருமுறை நின்று பாருங்கள். அதற்குள் உங்கள் வரைகோடுகளில் மாற்றம் தெரியவில்லை, ஆசிரியர் உங்கள் மேசைக்கு வருவதே அரிது என்றால், வேறு கல்லூரிக்கு மாறுவதற்குரிய காலம் அதுதான். மூன்றாம் ஆண்டில் மாறினால் கிரெடிட்டுகளில் பெரும்பகுதியை இழக்க நேரும். இதற்காக முதல் நாளிலிருந்தே உங்கள் எல்லாத் தாள்களின் பிரதிகளையும், மாடல்களின் ஒளிப்படங்களையும், ஒவ்வொரு பாடத்தின் முழுப் பாடத்திட்டத்தையும் பாதுகாத்து வையுங்கள். எத்தனை கிரெடிட்டுகளை ஏற்பது, எந்தச் செமஸ்டரில் சேர்த்துக்கொள்வது என்பதைப் புதிய கல்லூரி அவற்றைப் பார்த்தே முடிவு செய்யும்.